சல்லிக்கு வந்த லக்கோட்டாத் தலைவர்

அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் என்ன கொண்டுவருவார்கள்? சொக்கலேட், சென்ற் போத்தல், யாருக்குமே அளவில்லாத ஒரு ரீசேர்ட். போன கிழமை வந்த என் அக்காவின் மகன் அருண் கொண்டுவந்தது — ஒரு புத்தகம். தூக்கினால் தோள் நோகும்.

அருண் தென் டகோட்டாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறான். லக்கோட்டா என்ற பூர்வகுடி மக்கள் வாழும் இடம் அதற்குப் பக்கம்தான். புத்தகம் முழுக்க அந்த மக்களின் தலைவர்களுடைய படங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்தவை.

டவுனில், ஓர்ஸ் ஹில்லில் உள்ள என் வீட்டு விறாந்தையில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருவர் தலையில் கழுகிறகு. இன்னொருவருக்கு நீளப் பின்னல், மேலே வெள்ளைக்காரக் கோட். தங்கள் நிலத்தைப் பற்றி அரசாங்கத்தோடு பேச, ரயில் ஏறி வாஷிங்டனுக்குப் போனவர்கள் பலர். போன இடத்தில் ஸ்ரூடியோவுக்கும் கூட்டிப்போய், கதிரையில் இருத்தி, அசையக்கூடாது என்று சொல்லிப் படம் எடுத்திருக்கிறார்கள்.

நிலம் போய்விட்டது. முகங்கள் மிஞ்சின.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எதற்குச் சிரிப்பது?

அந்த நேரம்தான் மலர் ரீச்சர் வந்தார். சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் பாலர் பாடசாலை நடத்துகிறவர். பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்கு என்னைக் கூப்பிட வந்தவர், தேத்தண்ணீரைக் குடித்தபடி புத்தகத்தைப் புரட்டினார். பின்னலும் கோட்டுமாக இருந்த தலைவரின் படத்தில் கை நின்றுவிட்டது.

“அக்கா... இது எங்கட அண்ணன்.”

பகிடி என்றுதான் நினைத்தேன். அவருடைய முகத்தைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரீச்சரின் அண்ணன் சிவநாதன் யுத்த காலத்தில் கடலுக்குப் போனவர். ஆளும் திரும்பவில்லை, வள்ளமும் திரும்பவில்லை. வீட்டில் அவருடைய படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கலியாணப் பேச்சுக்கு அனுப்புவதற்காக, டவுனில், ஸ்ரூடியோக்காரரின் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு எடுத்த படம். பிறகு சுனாமி வந்தது. வீட்டோடு அதுவும் போயிற்று.

“படம் போனதைக்கூடத் தாங்கலாம் அக்கா. போன மாசம் அம்மா சொல்லுறா, பிள்ளை, எனக்கு அவன்ர முகம் வருகுதில்லையெண்டு. கண்ணை மூடினா அந்தக் கோட்டுத்தான் தெரியுதாம். மேல முகம் இல்லையாம்.”

 என் கைத்தொலைபேசியில் நேற்றுச் சாப்பிட்ட கொத்துரொட்டிக்கே நாலு கோணத்தில் படம் இருக்கிறது. ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் முகம் இல்லை!

ரீச்சர் அருணிடம் திரும்பினார். “தம்பி, இதை ஒரு போட்டோ எடுக்கட்டே? பெரிசாக்கிக் கொழுவி, அண்ணன்ர படம் கிடைச்சிட்டுதெண்டு அம்மாட்டச் சொல்லப்போறன்.”

அருண் உடனே ஓம் என்று சொல்லவில்லை.

“ரீச்சர், குறை நினைக்காதைங்கோ. என்னோட வேலை செய்யிற நேர்ஸ் ஒராள் இவற்ற பரம்பரை. அவவைக் கேட்டுப்போட்டுச் சொல்லட்டே?”

ரீச்சர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். தேத்தண்ணீர் பாதியில் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அச்சில் வந்த படம். உலகமே பார்க்கிற படம். அதற்கு அனுமதியா?

“சின்னம்மா, அங்க இவற்ற முகத்தைக் குடிக்கிற பாரிலயும் கொழுவினம், பெனியனிலயும் அடிக்கினம். ஒருத்தரும் கேக்கிறேல்ல. அந்த நேர்ஸின்ர அம்மாவுக்கு இவர் பூட்டன். நாங்களாவது ஒருக்காக் கேப்பமே.”

 அந்தத் தலைவரின் பெயரை இங்கே எழுதாமல் விடுவதும் அதனால்தான். எழுதலாமா என்று நான் அந்த நேர்ஸிடம் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை. அங்கே மாலை. வீடியோவில் அந்த நேர்ஸ் வந்தார். தாதிச் சீருடை, களைத்த கண்கள். ரீச்சரையும் வரச்சொல்லியிருந்தோம். அருண் முன்பே விஷயத்தைச் சொல்லியிருந்தான். நேர்ஸ் கேட்ட முதல் கேள்வி: “உங்கள் அண்ணனின் பெயர் என்ன?”

“சிவநாதன்.”

திருப்பிச் சொல்லிப் பார்த்தார். நாக்குப் புரளவில்லை. மறுபடி சொன்னார். சரியாக வரும்வரை விடவில்லை.

பிறகு, அருண் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, மெதுவாகச் சொன்னார். இந்தப் படம் தங்கள் குடும்பத்திடமும் இல்லையாம். மூலப்படம் எங்கோ ஒரு மியூசியத்தில். தன் அம்மா முதன்முதல் கண்டதே ஒரு நூலகப் புத்தகத்தில்தானாம். அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்ப்பதற்காகவே நூலகத்துக்குப் போவாராம்.

“உங்கள் அம்மாவும் பார்க்கட்டும். ஆனால், மகன் என்று சொல்லிவிடாதீர்கள். இவர் யார் என்று சொல்லியே காட்டுங்கள்.”

“ஓம்... ஓம்...” என்றார் ரீச்சர். 

ஞாயிற்றுக்கிழமை ரீச்சரோடு நானும் அருணும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சல்லிக்குப் போனோம். ரீச்சரின் அம்மா முற்றத்து வேம்புக்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். ரீச்சர் புத்தகத்தை அவருடைய மடியில் விரித்து வைத்தார். கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார்.

“அம்மா, இவர் அமெரிக்காவில ஒரு தலைவர். தங்கட சனத்துக்காகக் கதைக்கப் போனவர். அண்ணன்ர சாயல் கொஞ்சம் இருக்கு. பாருங்கோ.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கண் அவன்ரதான்.”

விரல் மூக்கில் வந்து நின்றது. “இது இல்லை. என்ர பிள்ளைக்கு இப்பிடிக் கூர் இல்லை, கொஞ்சம் சப்பை.” விரல் கீழே இறங்கியது. “சொண்டும் இல்லை. அவனுக்கு இந்த இடத்தில ஒரு வெட்டு. வள்ளத்தில அடிபட்டது.” கொஞ்சம் யோசித்தார். “காது... ஐயோ, அவனுக்கு விரிஞ்ச காதெல்லே! பகிடி பண்ணினா அழுவான்.”

ஒவ்வொரு ‘இல்லை’க்கும் படத்திலிருந்தவர் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார். வேறு ஒருவர் வந்துகொண்டிருந்தார்.

ரீச்சர் என் கையை இறுக்கிப் பிடித்தார். “ஓம் அம்மா, விரிஞ்ச காது. நானும் மறந்துபோனன்...”

அம்மா கண்ணை மூடினார். 

“தெரியுது பிள்ளை,” என்றார்.

  கண்ணைத் திறந்தபோது ரீச்சர் மெல்லக் கேட்டார், “இதைப் பெரிசாக்கிக் கொழுவட்டே அம்மா?”

அம்மா புத்தகத்தை மூடினார். இரண்டு கையாலும் எடுத்து அருணிடம் நீட்டினார்.

“வேண்டாம். கொண்டுபோய் இவற்ற சனத்திட்டயே குடு தம்பி. அவையளும் தேடுவினம்.”