வலது பக்க டிரம்

அடுத்த வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் தன் பிக்-அப் வண்டியை ஜாக்கியில் ஏற்றிவிடுவான். பையன் என்கிறேனே தவிர நாற்பது வயசு. என் வயசுக்கு இந்தக் கரமனை அக்ரஹாரத்தில் எல்லோருமே பையன்கள்தான். போன வாரம் பின் சக்கரங்களுக்குப் பிரேக் மாற்றினான். எனக்கு வேறு என்ன ஜோலி, வேடிக்கை பார்க்கப் போய் நின்றேன். "மாமா, அங்ஙோட்டு மாறி நிக்கணே" என்றான். மாறி நின்றேன். கழற்றின பிரேக் டிரம்மை மல்லாத்திப் போட்டு, ஒரு பிளாஸ்டிக் மக் நிறையப் பெட்ரோல் கொண்டுவந்து மடமடவென்று ஊற்றிக் கழுவினான். ஒரு மக்! நான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

உலகச் சண்டைக் காலத்தில், கூப்பனுக்கு அளந்து ஊற்றின நாளில், பெட்ரோல் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதை இருமல் மருந்துக் குப்பியில் வைத்திருந்தோம். அந்த மக்கில் நாலு குப்பி கொள்ளும்.

அண்ணாவிடம் ஒரு லாரி இருந்தது. அக்ரஹாரத்தில் லாரி வைத்திருந்தவன் அவன் ஒருத்தன்தான். தெருவில் மற்றவர்களெல்லாம் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா, வாத்தியார், கோவில் காரியம் என்று வெள்ளை வேஷ்டியோடு போய் வெள்ளை வேஷ்டியோடு திரும்புகிறவர்கள். அண்ணா மட்டும் நகக்கண்ணில் கிரீஸோடு வருவான். "என்ன ஓய், தேர் வந்துடுத்தா?" என்று கேலி பண்ணுவார்கள். கோலத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டான் என்று எதிர்வீட்டு மாமி மாசத்துக்கு ஒருதரம் சண்டைக்கு வருவாள். அவன் அசைய மாட்டான். மலைமேல் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டுக்கு அரிசி ஏற்றிக்கொண்டு போவான். திரும்பும்போது தேயிலைப் பெட்டிகளைத் தம்பானூர் ஸ்டேஷனில் கொண்டுவந்து இறக்குவான். நான் அப்போது பி.ஏ.யில் ஒரு பேப்பர் கோட்டை விட்டுவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் அவனுக்கு ஒத்தாசை பண்ணிக்கொண்டிருந்தேன். என்னை அவன் தம்பியாகவும் நடத்தவில்லை, வேலைக்காரனாகவும் நடத்தவில்லை. கையில் ஸ்பானர் இருந்தால் யாராயிருந்தாலும் திட்டு ஒரே மாதிரிதான்.

அந்த நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் பின் பிரேக் தேய்ந்துபோயிற்று. மலை இறங்கும்போது மிதித்தால் கறகறவென்று சத்தம். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்திலோ அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. யார் யாரையோ பிடித்து அண்ணா ஒரு சுருள் பிரேக் லைனிங் கொண்டுவந்தான். "நம்மாத்துலேயே பண்ணிடலாம்டா. என்ன பிரம்ம வித்தையா?" என்றான்.

தெரு முடிந்து ஆற்றுக்கு இறங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். முன் சக்கரங்களுக்கு முட்டுக்கல். பின்னால் ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கடியில் பலாக்கட்டைகளை அடுக்கி நிறுத்தினோம். சக்கரம் சுலபமாக வந்துவிட்டது. அதற்குள் சட்டிமாதிரி இருக்கிற இரும்பு டிரம் வரவில்லை. ஒவ்வொன்றும் ஆட்டுரல் கனம். கட்டையை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டித்தான் எடுத்தோம். உள்ளே, மிதித்தால் டிரம்மை உரசிப் பிடிக்கிற ஷூ இரண்டும் லைனிங் தேய்ந்து மொட்டையாயிருந்தன. பழைய ரிவெட்டுகளைத் தட்டி எடுத்து, புது லைனிங்கை அளந்து வெட்டி, செம்பு ரிவெட் அடித்து முடிக்க ஒன்றரை நாள் ஆயிற்று. "இதுல எண்ணெய்க் கை படப்படாது. பட்டா பிடிக்காது. மனசிலாச்சா?" என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பான். மனசிலாச்சு என்று நானும் நாலு தடவை சொன்னேன்.

ஷூவெல்லாம் முடிந்து டிரம்மை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்கு அஷ்டமி. சாயங்காலம் பூஜை வைப்பு. உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் ஊரில் புஸ்தகமும் ஆயுதமும் அஷ்டமி சாயங்காலம் ஸ்வாமியிடம் போய்விட்டால் தசமி காலையில்தான் திரும்பி வரும். நடுவில் தொடப்படாது. அண்ணா முணுமுணுத்தான். ஆனால் மன்னியை எதிர்த்துப் பேச, தாலி கட்டின அவனுக்கும் வராது. அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயசிருக்கும், கல்யாணமாகி மூன்று வருஷம். ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி, அரிவாள்மணை, என்னுடைய தோற்றுப்போன பேப்பரின் புஸ்தகம், எல்லாம் பூஜை அறைக்குப் போயின. கழற்றி வைத்திருக்கிற டிரம்மும் ஆயுதம்தானே என்றாள். நானும் அண்ணாவும் மூச்சுவாங்கத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தோம். அவன் குளிக்கப் போனதும், "அம்பி, இரும்பை எண்ணெய் தடவாம ஸ்வாமிகிட்ட வைக்கப்படாதுடா" என்றாள்.

பிரேக்கில் எண்ணெய் ஆகாதென்று எனக்குத் தெரியும். நாலு தடவை கேட்டவன். தசமியன்று துடைத்துவிட்டால் போச்சு என்று நினைத்தேன். தேங்காயெண்ணெயை உள்ளும் புறமும் தாராளமாகவே தடவினேன். சந்தனம் வைத்தேன். பார்க்க அழகாயிருந்தது.

தசமி காலையில் அண்ணா அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். மன்னியை ஒன்றும் சொல்லவில்லை. குப்பிப் பெட்ரோலை என் கையில் தந்து, "ரெண்டுத்தையும் உள்பக்கம் முழுக்கத் துடை. ஒரு பொட்டு எண்ணெய் இருக்கப்படாது" என்றான். இடது டிரம்முக்கு ஊற்றித் துடைத்தேன். சுத்தமாயிற்று. வலதுக்குத் திரும்பினபோது குப்பியில் ஒன்றுமில்லை.

போய்க் கேட்டிருக்கலாம். டாங்கியிலிருந்து இன்னொரு குப்பி எடுத்திருப்பான், என்னையும் கொஞ்சம் திட்டியிருப்பான். அந்தத் திட்டு எனக்கு வேண்டாமாயிருந்தது. காரணம் இவ்வளவுதான், இதைவிடப் பெரிதாக ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று இத்தனை வருஷமும் தேடிப் பார்த்துவிட்டேன். அடுக்களையிலிருந்து சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துவந்து, வெண்கலப் பானை தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். பார்வைக்குப் பளபளவென்று ஆயிற்று. ஈரத்துணியால் ஒரு துடை, காய்ந்த துணியால் ஒரு துடை.

"துடைச்சயாடா?"

"ஆச்சுண்ணா."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

மாட்டினோம். ஆற்றங்கரையிலிருந்து தெருமுனை வரை ஓட்டிப் பார்த்து மிதித்தான். வண்டி நின்றது. "கொஞ்சம் இடது பக்கம் இழுக்கறதுடா. புது லைனிங்கோன்னோ, ஓடினா சரியாயிடும்" என்றான். வலது பக்கம் பிடிக்கவில்லை என்று அப்போதும் சொல்லியிருக்கலாம். ஆமாண்ணா, சரியாயிடும் என்று சொன்னேன்.

விஜயதசமி என்று கிளீனர் வரவில்லை. நான் வருகிறேன் என்றதற்கு, வேண்டாம், நீ ஏறினால் ஒரு மூட்டை குறையும் என்றான். அரிசியை ஏற்றிக்கொண்டு தனியாகப் போனான். ஏறும்போது பிரேக்குக்கு என்ன வேலை? அரிசி போய்ச் சேர்ந்தது, லயத்தில் அன்றைக்கே பங்கும் போட்டார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். மறுநாள் காலையில் தேயிலைப் பெட்டிகளோடு இறங்கினான். மூன்றாவது வளைவில் வண்டி நிற்காமல் சரிவில் போய் விழுந்தது. எஸ்டேட்டுக்காரர்கள் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்களாம். அதற்குள் உயிர் போய்விட்டது.

அழுதேனா என்றால் இல்லை. வீடு முழுக்க ஜனம். மன்னியைச் சுற்றிப் பத்துப் பேர். எனக்குப் பசித்தது. அதுதான் ஞாபகம் இருக்கிறது, அப்படியொரு பசி. யாராவது சாப்பிடச் சொல்ல மாட்டார்களா என்று தூணோடு நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் போலீஸ்காரரோடு மலைக்குப் போனேன். சரிவெல்லாம் தேயிலைத் தூள் கொட்டி மழையில் ஊறிக் கிடந்தது. வண்டி ஒருக்களித்துக் கிடந்தது. அவர் ரோட்டை அளந்துகொண்டிருந்தபோது நான் வலது சக்கரத்துப் பக்கம் குனிந்தேன். டிரம்மை மூடுகிற பின்தட்டு நெளிந்து இடுக்கு விட்டிருந்தது. அதற்குள் விரலை விட்டுப் பார்த்தேன். வழவழவென்று கறுப்பாக ஒட்டியது, கருகின எண்ணெய் வாசனை. விரலை வேஷ்டியில் துடைத்துக்கொண்டேன். மழை ஈரத்தில் வண்டி வழுக்கியது என்று எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். எனக்குக் கச்சேரியில் குமாஸ்தா வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் பிறந்தன. மன்னி எங்களோடேயே இருந்தாள். என் குழந்தைகளை அவள்தான் வளர்த்தாள். ஒவ்வொரு நவராத்திரிக்கும் புஸ்தகத்தை மட்டும் பூஜையில் வைப்பாள், இரும்பு ஒன்றும் வைக்க மாட்டாள். ஒரு வருஷம் என் பெண், தையல் கத்திரியை வைக்கட்டுமா பெரியம்மா என்று கேட்டுவிட்டது. மன்னி அப்படியே எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

"நான் எண்ணெய் தடவச் சொன்னதாலதானேடா அம்பி?" என்றாள். இருபது வருஷம் கழித்துக் கேட்டாள். "அவர் தலையில அடிச்சுண்டதைப் பாத்தேன். அன்னிலேர்ந்து தெரியும் எனக்கு. நானாக்கும் அவரைக் கொன்னது."

நான் வாயைத் திறந்தேன். "இல்லை மன்னி. ரோடு வழுக்கல். போலீஸே எழுதியிருக்காளே" என்றேன்.

"நீ நல்லவன்டா. என் மனசு நோகப்படாதுன்னு சொல்றாய்" என்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அன்றைக்கு எனக்குப் பிடித்த எரிசேரி வைத்தாள். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

தெருவில் பாதி வீடுகள் இடிந்து மாடிக் கட்டடங்களாகிவிட்டன. ஆற்றுக்கு இறங்குகிற இடத்தில் மதில் வந்துவிட்டது. அதற்கெல்லாம் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. போன கர்க்கடகத்தில், ஆடி மழையில், மன்னியும் போய்விட்டாள், எண்பது வயசில், என் கையால் ஒரு ஸ்பூன் ஜலம் வாங்கிக்கொண்டு. குப்பி காலியாயிற்று, நான் பொய் சொன்னேன் என்று சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? ஐம்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். புருஷனைக் கொன்றவள் என்று நினைத்துக்கொண்டே செத்தாள்.