கிரகண நாளில் எழுதிய சுவர்

சுவரில் ஊன்றிய குச்சியின் மேல் வலது மணிக்கட்டு சாய்ந்திருந்தது. குச்சியின் நுனியில் பழைய வேட்டித் துணியைப் பந்தாகச் சுற்றிக் கட்டியிருந்ததால் சுவரில் தடம் விழவில்லை. விரல்கள் அசையவில்லை, அசைவு தோளிலிருந்து வந்தது. கருப்பு எனாமலில் தோய்ந்த பிரஷ், மற்றதெல்லாம் எழுதி முடித்துக் கடைசிக்கென்று விட்டுவைத்திருந்த ‘கிழமை’யின் நடு எழுத்துக்கு வயிறு வைத்து, கீழே இறங்கி, வாலைச் சுழற்றி, ஒரு மயிரிழைகூட மிஞ்சாமல் நின்றது. கைகள் ஒரு முழம் பின்வாங்கின. பின்னால் நின்ற பதினேழு பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

“அச்சு எடுத்த மாதிரி இருக்குதுங்க” என்றார் முன்னால் நின்ற பெரியவர். சொன்னதோடு விட்டிருக்கலாம். விரலை நீட்டி அந்த ழகரத்தின் வயிற்றைத் தொட்டு, இரண்டு கண்களிலும் பக்தியோடு ஒற்றிக்கொண்டார்.

ழகரம் போயிற்று. பெரியவரின் இமைகள் இரண்டும் கறுத்தன. அவருக்குப் பின்னால் நின்றவர்கள், இங்கே அப்படித்தான் செய்யவேண்டும் போலிருக்கிறது என்று வரிசையாகக் கையை நீட்டினார்கள்.

கைகளுக்குச் சொந்தக்காரர் அப்துல் சுபான். தர்மபுரியில் பெயர்ப்பலகை எழுதுகிறவர். யாரிடமும் உட்கார்ந்து தொழில் கற்றவர் அல்ல. சின்ன வயதில் லாரியில் கிளீனராகப் போனபோது, தொப்பூர் கணவாயில் வண்டிகள் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும். மற்ற கிளீனர்கள் தூங்குவார்கள். சுபான் இறங்கி, முன்னால் நிற்கும் லாரிகளின் முதுகில் எழுதியிருப்பதை விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். எந்த எழுத்து எங்கே தொடங்குகிறது, பிரஷ் எங்கே தூக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் விரலுக்குப் பிடிபட்டது. அந்த விரல் பாடத்தைத்தான் இருபத்து நான்கு வருடமாகச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு எழுத்து கோணினால் முழு வரியையும் அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். அதனால் அவரிடம் வேலை கொடுத்தவர்கள் திருப்திப்படுவார்கள்; ஆனால் எத்தனை நாளில் முடியும் என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

மொரப்பூருக்குப் பக்கத்தில் ஏழுகல்பட்டி. அங்கே வேடியப்பன் கோயில் பெயர்பெற்றது. வேடியப்பன் என்பதே ஒரு நடுகல்தான். வில்லோடு நிற்கும் வீரன். சுற்றுவட்டாரத்தில் வயல்களிலும் வரப்புகளிலும் கிடந்த நடுகற்களைக் கொண்டுவந்து, கோயில் வளாகத்திலேயே சர்க்கார் ஒரு அருங்காட்சியகக் கூடம் கட்டிவிட்டது. வந்தது வினை. கோயிலுக்கு வருகிறவர்களுக்கு உள்ளே ஒரு வேடியப்பன். கூடத்துக்குள் போனால் முப்பத்தொரு வேடியப்பன். முப்பத்தொன்றுக்கும் மஞ்சள், குங்குமம், கற்பூரம். ஒரு கல்லின் தலையில் தேங்காயே உடைத்தார்கள். செவ்வாய், வெள்ளி, அமாவாசை என்றால் கூடத்துக்குள் கால் வைக்க இடமிருக்காது. கூட்டத்தைப் பிரித்துவிட்டால் கல் பிழைக்கும் என்று யோசித்து, கூடத்தின் முன்சுவரில் எழுதச் சொல்லி சுபானைக் கூப்பிட்டிருந்தார்கள்:

‘கூட்ட நெரிசலைத் தவிர்க்க, செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை, அமாவாசை மற்றும் விழா நாட்கள் நீங்கலாகப் பிற நாட்களில் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை வருக. கற்களைத் தொடாதீர்.’

முதல் முயற்சி ஞாயிற்றுக்கிழமை. பெரியவரும் பதினாறு பேரும் அதை முடித்துவைத்தார்கள். ‘தொடாதீர்’ என்ற சொல்லை மட்டும் ஆறு பேர் தொட்டுக் கும்பிட்டார்கள்.

“புதன்கிழமை வாங்க பாய். ஈ, காக்கா இருக்காது” என்றார் கிருஷ்ணப்பன். அவர் கூடத்துக்குக் காவலாளி, கோயிலில் எடுபிடி. சம்பளம் ஓரிடத்தில், பொங்கல் இனாம் இரண்டிடத்தில்.

புதன்கிழமை சுபான் எச்சரிக்கையாக, சுவருக்கு நான்கடி முன்னால் இரண்டு கழி நட்டுக் கயிறு கட்டினார். பத்து மணிக்கு ஏரியூரிலிருந்து கல்யாணக் கோஷ்டி ஒன்று பஸ் பேசிக்கொண்டு வந்திறங்கியது. சுபான் டீ குடிக்கப் போய்த் திரும்பியபோது கயிற்றில் இருபது மஞ்சள் துணியும், குழந்தை வரம் கேட்டு மூன்று சின்னத் தொட்டிலும் தொங்கின. கட்டினவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்களா? சுவரையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

“கயிறு கட்னது உங்க தப்பு பாய்” என்றாள் வாசலில் தேங்காய்க் கடை போட்டிருக்கும் கோவிந்தம்மாள். “கயிறப் பாத்தா வேண்டுதல் இல்லாதவளுக்கும் வேண்டுதல் வந்துரும்.”

கிருஷ்ணப்பன் சிரிக்கவில்லை. “திங்கக்கெழம மெட்ராஸ்ல இருந்து ஆபீசர் வராரு பாய், கூடத்த முறைப்படி தொறந்து வெக்க. அதுக்குள்ள எழுத்து சுத்தமா முடியலீன்னா, சேலத்துல இருந்து எழுத்து வெட்டுன தகடு வெச்சு ஸ்ப்ரே அடிக்கிறவனக் கூட்டியாரச் சொல்லிட்டாங்க. அவனுது அரைமணி நேரத்துல காஞ்சுருதாம்.”

சுபானுக்கு நெஞ்சில் தகடு வைத்து அடித்தது போலிருந்தது. தகட்டில் வெட்டிய ழகரத்தை அவர் பார்த்திருக்கிறார். வயிறும் வாலும் ஒட்டாமல் மூன்று துண்டாக நிற்கும். தான் எழுத வந்த சுவரில் அந்த முடமான எழுத்து வருடக்கணக்கில் நிற்கப்போகிறது. பார்க்கிறவர்கள் சுபான் பாய் எழுதியது என்று சொல்வார்கள்.

அவருடைய கணக்கு எளிமையானது. எழுத ஐந்து மணி நேரம். நல்ல வெயிலில் காய ஆறு மணி நேரம். மொத்தம் பதினொரு மணி நேரம் ஏழுகல்பட்டியில் யாரும் இருக்கக்கூடாது. அப்படி ஒரு பகல் அந்த ஊர் உண்டானதிலிருந்து விடிந்ததில்லை.

வியாழக்கிழமை சாப்பிடும்போது மனைவி வஹிதா சொன்னாள்: “சனிக்கெழம மத்தியானம் சூரியனப் புடிக்குதாம். ரேடியோல மூச்சு விடாம சொல்றான். பக்கத்து வூட்ல எல்லாம் காலையிலயே கதவச் சாத்திக்குவாங்களாம். கோயிலும் பூட்டாம்.”

சுபானின் கை சோற்றில் நின்றது. “எல்லாருமா சாத்திக்குவாங்க?”

“எல்லாருந்தான். ஏங்க, குழம்பு நல்லால்லியா?”

“இதவிட நல்ல குழம்பு நான் சாப்ட்டதே இல்ல” என்று எழுந்து, கை கழுவிவிட்டு பிரஷ்களை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

“அன்னிக்குக் கிரகணத் தொழுக இருக்குதுங்க, பிரஷ்ஷத் தூக்கிட்டு எங்க போவப் போறீங்க?”

“அங்கயே தொழுதுக்கறேன்.”

சனிக்கிழமை அமாவாசை. வேறு அமாவாசையாக இருந்தால் ஏழுகல்பட்டிப் பாதையில் பஸ் நகராது. அன்று முதல் பஸ்ஸில் சுபானும் கண்டக்டரும்தான். வெள்ளிக்கிழமை அடித்துவிட்டுப் போயிருந்த வெள்ளைப் பெயிண்ட் மூன்று கைரேகைகளோடு காய்ந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். கோவிந்தம்மாள் தேங்காய்க் குவியலின் மேல் தர்ப்பைப் புல்லைப் போட்டுச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தாள்.

“சூரியனப் புடிக்கிற அன்னிக்கா பாய் வேல?”

“புடிக்கிறது சூரியனத்தானுங்களே அக்கா? என்னைய இல்லியே.”

“ஆபீசர் வந்தா உங்களையும் புடிக்கும்” என்று சொல்லிவிட்டு அவளும் போனாள்.

நூல் போட்டு, சாக்பீஸால் கோடிட்டு, ஏழரைக்குத் தொடங்கினார். பின்னால் யாரும் எழுத்துக்கூட்டவில்லை. யாரும் ‘இந்தக் கொம்பு கொஞ்சம் பெருசாயிருச்சே’ என்று சொல்லவில்லை. முதலில் ஆனந்தமாக இருந்தது. மூன்றாவது வரியில் அவரே திரும்பிப் பார்த்து, “எப்படி இருக்குது?” என்று வேப்பமரத்தைக் கேட்டார். பன்னிரண்டரைக்கு ‘தொடாதீர்’ முடிந்தது. மூலையில் வழக்கம்போல ஒரு சிறு புள்ளி வைத்தார். எழுத்தைத் தொடாமல் பெயிண்டின் காய்ச்சலைப் பார்க்க அந்தப் புள்ளி.

மூன்று மணிக்குத்தான் தன் கணக்கில் விழுந்த ஓட்டை தெரிந்தது. ஆறு மணி நேரம் என்பது நல்ல வெயிலுக்கு. அன்றைய வெயிலோ துவைத்துத் துவைத்து வெளுத்த வேட்டி போல ஆகிக்கொண்டிருந்தது. காக்கைகள் மரத்துக்குத் திரும்பின. வேப்பிலைகளின் இடுக்கு வழியாகச் சுவரில் விழுந்த ஒளிவட்டங்கள் எல்லாம் தேய்ந்து, நூறு நூறு சின்னப் பிறைகளாகி, எழுத்துகளுக்கு நடுவே நடுங்கின. சுபான் கொஞ்ச நேரம் பெயிண்டை மறந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழாயடியில் முகம், கை, கால் கழுவி ஒளூ செய்து, மரத்தடியில் துண்டை விரித்து, நிதானமாகத் தொழுதார். முடித்து எழுந்து புள்ளியைத் தொட்டுப் பார்த்தார். பிசுபிசுவென்று விரலோடு வந்தது.

ஐந்து மணி. ஈர வேட்டியும் இரண்டு வாளியும் விளக்குமாறுமாகக் கிருஷ்ணப்பன் வந்தார். வாளிகளில் மஞ்சள் தண்ணீர்.

“கிரகணம் வுட்டுருச்சு பாய். நவுருங்க, கழுவணும்.”

“எதை?”

“எதையா? உச்சியில இருந்து வாசப்படி வரைக்கும். கூடம், கல்லு, சுவரு எல்லாம். தீட்டு போவ வேணாமா?”

சுபானுக்கு இது தெரியாது. கதவைச் சாத்துவார்கள் என்று தெரியும். திறந்ததும் கழுவுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் விரித்துச் சுவர் முன்னால் நின்றார். “அண்ணா, அரைக் காய்ச்சல்ல இருக்குது. மஞ்சத் தண்ணி பட்டா வெள்ளப் பெயிண்டும் பாழாயிரும்!”

“காலையில இருந்து அடைஞ்சு கெடந்த சனம் பூரா குளிச்சிட்டு வந்துக்கிட்டு இருக்குது பாய். கழுவாம எப்படி உள்ள வுடறது?”

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. ஒன்றல்ல, மூன்று. ஈரத் தலையோடு கோவிந்தம்மாள் வந்து, தன் கடைப் பலகைக்கு முன்னால், கைகள் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

“சீக்கிரம் இதுல தண்ணி வுடு கிருஷ்ணப்பா. தலைக்கு ஊத்திட்டு வந்திருக்கேன். கழுவாததத் தொட்டா மறுபடி போயிக் குளிக்கோணும்.”

சுபான் அந்த இடுக்கிய கைகளையே பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி கைகளைப் பார்த்தார்.

“கிருஷ்ணப்பண்ணா, எல்லாத்தையும் கழுவுங்க. இந்தச் சுவர மட்டும் காலையில கழுவுங்க.”

“தீட்டு பாய்!”

“அதுதான் எனக்கு வேணும்.”

கிருஷ்ணப்பன் வாளியைக் கீழே வைத்தார். விஷயம் மெதுவாக அவர் முகத்தில் ஏறியது. ஆனாலும் ஒரு பயம். “வேடியப்பன் கோவிச்சுக்கிட்டா?”

“இது வேடியப்பன் சுவரு இல்லீங்களே. சர்க்கார் சுவரு.”

“சர்க்கார் சுவருக்குத் தீட்டு உண்டா?” என்று கிருஷ்ணப்பன் கோவிந்தம்மாளைக் கேட்டார்.

“சூரியன் என்ன, சர்க்கார் சுவருக்குத் தனியாவா காயுது? எல்லாத்துக்கும் உண்டு” என்று தீர்ப்புச் சொன்னாள் அவள்.

கிருஷ்ணப்பன் வளாகம் முழுவதையும் கழுவினார். கூடத்தின் சுவருக்கு நான்கடி முன்னால் கோடு கிழித்தாற்போல ஈரத்தை நிறுத்தினார். கூட்டம் வெள்ளமாக உள்ளே வந்தது. அந்தக் கோட்டருகே வந்ததும் பிளந்தது. “அந்தப் பக்கம் போவாத, கழுவல!” என்று ஒருத்தி பிள்ளையை இழுத்தாள். அமாவாசைக் கூட்டம் மொத்தமும் சுவரை ஒட்டாமல், சேலைகளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒதுங்கி ஒதுங்கி நடந்தது. கையை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லாததால், எழுதியிருந்ததை முதல் தடவையாக முழுசாகப் படித்தார்கள்.

“பாத்தியா, செவ்வா, வெள்ளி, அமாவாச வேணாமாம். மத்த நாள்ல பத்து மணிக்கு வந்தாக் கூட்டமே இருக்காதாம்.”

“அப்ப வர்ற பொதங்கெழம பத்து மணிக்கே வந்துருவோம்.”

“நாங்களுந்தான். எங்க தெருவுக்கே சொல்லிடறேன், ஒரே பஸ்ஸாப் பேசிக்கலாம்.”

சுபான் காதில் விழாதது போல பிரஷ்களை டர்பன்டைனில் கழுவிக்கொண்டிருந்தார். கூட்டத்தை என்ன செய்வது என்பது எழுதச் சொன்னவர்களின் பாடு. எழுத்துக்கு மட்டும்தான் அவர் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்திறங்கி நேரே மூலைப் புள்ளியிடம் போனார். விரலின் பின்புறத்தை வைத்துப் பார்த்தார், உள்பக்கத்தை வைத்து அழுத்தினார், நகத்தால் சுரண்டினார். சுத்தமாக இருந்தது விரல். கிருஷ்ணப்பன் ஒரு வாளி தண்ணீரோடு தயாராக நின்றார். மஞ்சள் கலக்காத தண்ணீர். அந்த ஒன்றை மட்டும் சுபான் அடம்பிடித்து வாங்கியிருந்தார்.

“ஊத்தட்டுமா பாய்?”

“மேல இருந்து ஊத்துங்க.”

தண்ணீர் ஐந்து வரிகளின் மேலும் வழிந்து, ஒவ்வொரு எழுத்தின் விளிம்பிலும் ஒரு கணம் நின்று, முத்து முத்தாக உருண்டு கீழே போயிற்று. மூன்று ழகரமும் அசையவில்லை. சுபான் தோளிலிருந்த துண்டால் சுவரை ஒரே சீராகத் துடைத்து, குச்சியையும் டப்பாக்களையும் பைக்குள் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றார்.

“எடுத்துக்குங்கண்ணா, உங்க சுவரு” என்றார்.