தேவதாஸ் வரைந்த கோடு

டிரெசர் தேவதாஸ் வரைந்த படங்களில் பாதியைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியவள் நான். காஜா பெராங் என்ற ஊரில் எங்கள் தாய்சேய் கிளினிக்கில் புண் கட்டுவதும் ஊசி போடுவதும் அவர் வேலை. அவை முடிந்தால் அடிக்கோலும் பென்சிலும் எடுப்பார். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், மனைவியை இழந்தவர், மூச்சு இழுப்புக்காரர். சைக்கிளை விட்டு இறங்கினால் கொஞ்ச நேரத்துக்குப் பேச்சு வராது.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா வருஷம் சுவரெல்லாம் விளக்கப்படம் வேண்டும் என்று மேலிடம் கேட்டது. கூடுதல் ஆள் தரவில்லை. குழந்தைகளுக்கு வரும் நோய்களைத் தேவதாஸ் முதலில் வட்டப் படமாக, ஒன்பது துண்டு போட்டு வரைந்தார். எந்தத் துண்டு பெரியது என்று எனக்கே விளங்கவில்லை. "மூணு நாலு துண்டுக்குத்தான் இது லாயக்கு, மிஸ்ஸி" என்று கழற்றிவிட்டார். நர்ஸ் என்பதால் எல்லோருக்கும் நான் மிஸ்ஸிதான். அடுத்தது பட்டைப் படம். எந்த மாதம் கூட்டம் அதிகம் என்று ஒரே பார்வையில் தெரிந்தது. ஆனால் இடம் போதாமல் பட்டைகளின் அடிப்பாகத்தை வெட்டியிருந்ததால், நாலைந்து பேர் வித்தியாசம் மலையும் மடுவுமாகத் தெரிந்தது. அதையும் திரும்ப வரைந்தார்.

கோட்டுப் படம்தான் அவருக்குப் பிடித்தது. குழந்தைக்கு ஓர் அட்டை, வாராவாரம் எடைக்கு ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு. பிள்ளை எப்போது தேறியது, எப்போது இளைக்கத் தொடங்கியது என்று காட்ட அதைவிட நல்லது கிடையாது. அட்டையைத் தாய்மாரிடமே கொடுத்தார்.

அவர்களில் பொன்னம்மாவின் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால்தான். கோடு அழகாக ஏறிக்கொண்டிருந்தது. பிறகு இறங்கியது, மறுவாரமும் இறங்கியது. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. கண் மட்டும் குழி விழுந்திருந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

"பால் மாவு தீந்துருச்சாம்மா?" என்றார் தேவதாஸ்.

"டின்னு பாதி அப்படியே இருக்கு டிரெசர். தண்ணியாத்தான் கரைக்கிறேன். கோடு ஏறிக்கிட்டே போச்சே, பயந்துட்டேன். இப்பப் பாருங்க, இறங்கிருச்சு!"

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். தேவதாஸ் என்னைப் பார்த்தார்.

"யாரும்மா உனக்கு இப்படிச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? மூத்தவன் பெரியாஸ்பத்திரில கெடந்தப்ப கட்டில்ல இதே மாதிரி அட்டை மாட்டியிருந்தாங்களே. கோடு ஏறுனா மிஸ்ஸிங்க ஓடியாருவாங்க. இறங்குனதும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"அது ஜுரக் கோடும்மா. இது எடை. ஏறணும்."

"எடைக்கு எதுக்குக் கோடு? புள்ளையத் தூக்குனா தெரியாதா?"

பாலைச் சரியான பதத்தில் கரைத்து நான் கரண்டியால் புகட்டினேன். உறிஞ்சக்கூட முடியாத பிள்ளை பாதியைக் கக்கியது. அன்று முதல் தினமும் காலையில் கிளினிக் திறக்குமுன் தேவதாஸ் அவள் வீட்டுக்குப் போய், எதிரில் நின்று பால் கரைக்க வைத்தார். முதல் வாரம் எடை ஏறவில்லை. பிழைக்காது என்றுதான் நான் நினைத்தேன்.

பிழைத்துக்கொண்டது. அதற்குள் அவர் எல்லா அட்டைகளையும் திரும்ப வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டார். தாய்மாருக்கு வேறு அட்டை: பிள்ளையின் எடைக்கு ஒரு பட்டை, இருக்கவேண்டிய எடைக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டை. குட்டை, நெட்டை யாருக்கும் புரியும். ஆனால் இளைக்கத் தொடங்கியது எப்போது என்று பட்டை சொல்லாது. அதனால் எங்களுக்குக் கோடு, அவர்களுக்குப் பட்டை. வேலை இரட்டிப்பானது.

பொன்னம்மா பிள்ளையின் இரண்டு பட்டையும் சமமான அன்று அவளிடம் காட்டினார். அவள் விரல் வைத்து அளந்து பார்த்தாள்.

"சரிக்குச் சரியா வந்துருச்சு. இனிமே பாலக் கொறச்சுக்கலாமா டிரெசர்?"

தேவதாஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இழுப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு பென்சிலைச் சீவி, அடுத்த மாதத்துக்கு இன்னும் உயரமாக ஒரு பட்டை வரையத் தொடங்கினார்.