பீலியில் பச்சைத் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன், மழை ஓய்ந்து மலையெல்லாம் காய்ந்து கிடந்த ஒரு மாசி மாதத்தில், ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. அப்போது நான் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மலையோடைகளில் என்னென்ன மீன், என்னென்ன பூச்சி புழு வாழ்கின்றன, தண்ணீர் வற்றும்போது அவை என்ன பாடுபடுகின்றன என்று பார்ப்பது எங்கள் வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். செய்வதென்றால் முழங்கால் அளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று, கல்லைப் புரட்டி, வலையைப் பிடித்து, போதாததற்கு அட்டைகளுக்கு இரத்தமும் கொடுக்க வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. குண்டசாலையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள் என்பதால், பாறையில் குதித்து ஓடும் தண்ணீரைக் கண்டால் இன்றைக்கும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தோட்டங்களுக்குப் போனால் பேசுகிற வேலை என் தலையில் விழும். என் தமிழ் அங்கே பாதிப் பேருக்கு விளங்காது என்பது வேறு கதை.

அன்றைக்கு ஓடையில் தண்ணீர் என்ன வேகத்தில் போகிறது என்று அளக்க வேண்டியிருந்தது. மேலே ஓரிடத்தில் சாயத்தைக் கலந்து விட்டு, அது கீழே எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது என்று பார்ப்பது ஒரு முறை. தீங்கில்லாத சாயம்தான். எங்கள் விரிவுரையாளர் சிங்களவர், எதையும் முறைப்படி செய்கிறவர். நாங்கள் அவரை சேர் என்றுதான் கூப்பிடுவோம். தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி, அனுமதியும் வாங்கி வைத்திருந்தார்.

காலையில் மேலே ஏறும்போது, பாறை இடுக்கில் கிடந்த ஒரு கறுப்புக் குழாய் காலில் தட்டி நான் விழப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தக் குழாய் எங்கே போகிறது என்று யாருமே கேட்கவில்லை.

சாயத்தை ஊற்றியதும் ஓடை கிளிப்பச்சையாக மாறியது. வெயில் பட்ட இடங்களில் உள்ளே விளக்கு எரிகிற மாதிரி மின்னியது. ஆளாளுக்கு போனை எடுத்துப் படம் பிடித்தோம். தண்ணீர் குறைவாக இருந்ததால் நிறம் நினைத்ததைவிடக் கடுமையாக இருந்தது. அதற்காகவும் சந்தோஷப்பட்டோம், கருவியில் நன்றாகத் தெரியும் என்று.

மத்தியானம் கழிந்து கீழே இறங்கி வந்தபோது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் பெண்கள் கூடி நிற்பது தெரிந்தது. அந்த லயத்து வீடுகளெல்லாம் தண்ணீர் பிடிக்கிற பீலி அங்கேதான் இருந்தது. பீலியிலிருந்து பச்சையாக ஊற்றிக்கொண்டிருந்தது. என் காலைத் தட்டிய கறுப்புக் குழாய் வந்து முடிந்த இடம் அது. அலுவலகத்தில் சொன்ன செய்தி லயம் வரைக்கும் இறங்கி வரவே இல்லை.

எங்களைக் கண்டு யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. நடுத்தர வயது அம்மா ஒருவர் கையில் வாளியோடு நேரே என்னிடம் வந்தார்.

"தண்ணியில என்ன மிஸ் போட்டீங்க?" என்று கேட்டார்.

அவருடைய மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. புருஷனுக்குக் கொழும்பில் வேலை என்பதால் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். சற்று முன்தான் அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டு மகளுக்குக் கொடுத்திருக்கிறார் அந்த அம்மா. இருட்டுக் குசினி, கரி பிடித்த கேத்தல். தேயிலைச் சாயம் இறங்கியபின் எந்தப் பச்சை தெரியப் போகிறது? பக்கத்து வீட்டில் கூப்பாடு கேட்டு வெளியே வந்து வாளியைப் பார்த்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

"நானே ஊத்திக் குடுத்துட்டேன் மிஸ்" என்றார். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். இது நஞ்சில்லை, ஆஸ்பத்திரியில் கண் பார்க்கும்போது கண்ணுக்குள் விடுகிற சாயம்தான், இவ்வளவு தண்ணீரில் கலந்தால் ஒன்றும் செய்யாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தண்ணீரில் கலந்தவளே வந்து ஒன்றும் செய்யாது என்றால் யார்தான் நம்புவார்கள்?

எனக்கு வீராப்பு வந்துவிட்டது. "இஞ்ச பாருங்கோ அம்மா, நான் குடிக்கிறன்" என்று சொல்லிப் பக்கத்தில் இருந்த கோப்பையை வாளிக்குள் விட்டு மொண்டேன். வாய்க்குக் கொண்டுபோகும் முன் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"காய்ச்சாத தண்ணியக் குடிக்காதீங்க மிஸ். பழக்கமில்லாதவங்களுக்கு வயித்தால போயிரும்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். தன் பேரப்பிள்ளைக்கு நான் நஞ்சு வைத்துவிட்டேனோ என்று நடுங்கிக்கொண்டிருந்தவர், அந்த நேரத்திலும் என் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டார். வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதிரை போட்டு உட்கார வைத்தார். அதே கேத்தலில் மிச்சமிருந்ததைக் கொதிக்க வைத்துத் தேநீர் ஊற்றித் தந்தார். மகள் வாசல்படியில் உட்கார்ந்து வயிற்றில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துதான் இருந்தாள். ஆனாலும் என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பிள்ளை பச்சையாகப் பிறந்தால் நான்தான் பெயர் வைக்க வேண்டும் என்று கேலி செய்தாள். நான் ஒரு சொட்டு மீதம் விடாமல் குடித்துக் காட்டினேன். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

அம்மா வெறும் கோப்பையை வாங்கி ஒரு தடவை உள்ளே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க குடிச்சது சரிதான் மிஸ். ஒங்க வயித்துல புள்ள இல்லையே."

வாசலில் நின்ற சேர், என்ன சொல்கிறார் என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த அம்மாவிடம் நேரடியாகப் பேசினார். முதலில் இங்கே வந்து சொல்லியிருக்க வேண்டும், அது எங்கள் பிழை, இப்போதே வைத்தியரிடம் போவோம் என்றார். அம்மாவுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். உடனே எழுந்து மகளுக்கு ஒரு சால்வையை எடுத்தார்.

அன்றைய அளவீட்டை அப்படியே விட்டுவிட்டோம். கருவிகளைக் கரையில் போட்டுவிட்டு நாங்கள் வந்த வான் வண்டியில் இடம் செய்து, தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த வளைவு வழி முழுக்க அம்மா மகளின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அறிவியலெல்லாம் சரியாகவே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டே வந்தேன். சரி என்று தெரிந்திருந்தும் வேண்டினேன்.

வைத்தியர் சாயத்தின் பெயரைச் சேரிடம் கேட்டு, யாருக்கோ போன் பண்ணி விசாரித்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை என்றார். அதற்கும் அம்மாவின் முகம் தெளியவில்லை. பிறகு தாதி ஒரு சின்னக் கருவியை மகளின் வயிற்றில் வைத்தார். குதிரை ஓடுவது போல டக் டக்கென்று ஒரு சத்தம் அறையெல்லாம் நிறைந்தது. அம்மா அப்போதுதான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

திரும்பி வந்தபோது பீலியில் தண்ணீர் தெளிவாக ஊற்றிக்கொண்டிருந்தது. எங்களோடு வந்த மற்றப் பிள்ளைகள் கடைத்தெருவில் தண்ணீர்ப் போத்தல்கள் வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எனக்கு ஒரு கட்டுத் தேயிலைத் தூள் தந்தார். வாங்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

வைகாசியில் மகள் போன் பண்ணினாள். பெண் பிள்ளை, பச்சையாக இல்லை, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லிச் சிரித்தாள்.

இப்போதெல்லாம் எந்த ஓடைக்குப் போனாலும் நான் மேலே ஏறுவதில்லை, முதலில் கீழே இறங்குகிறேன். கண்ணில் படுகிற ஒவ்வொரு குழாயும் எந்த வாசலில் போய் முடிகிறது என்று பார்த்து, அந்த வீட்டுக்காரரிடம் பேசிய பிறகுதான் மற்ற வேலை. சக மாணவர்கள் என்னைக் 'குழாய் இன்ஸ்பெக்டர்' என்று கேலி செய்கிறார்கள், செய்யட்டும். அறிக்கைகளில் 'பாதிப்பில்லை' என்ற சொல்லை நான் இன்றும் எழுதுகிறேன். எழுத வரும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறது.