மாமாவுக்கு வந்த கல்லுப்புக் காய்ச்சல்

உப்பு விஷயத்தில் எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். எட்டு வயதிலேயே எங்கள் வீட்டு உப்புகளுக்கு நான்தான் மேனேஜர். குழம்புக்குக் கல்லுப்பு, முட்டைக்கும் தயிர் சாதத்துக்கும் தூளுப்பு, அப்பா கொய்யாவுக்குத் தொட்டுக்கொள்ளக் கறுப்பு உப்பு. எது எந்த டப்பாவில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அப்போது மண்ணூரில் வாடகைக்கு இருந்தோம். அம்மாவின் கடைசித் தம்பி, என் சின்ன மாமா, எங்களோடு தங்கி ஒரகடத்துக் கம்பெனிக்கு ஷிப்ட் போய்க்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வாலாஜாபாத்தில் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. பார்ப்பதெல்லாம் பேருக்குத்தான். பெரிய மாமா பேசி முடித்துவிட்டார். போனால் அன்றைக்கே பூ வைத்துவிடுவார்கள். சின்ன மாமா முகத்தில் ஈயாடவில்லை.

தலைவலி என்று அவர் மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. துணைக்கு என்னை விட்டிருந்தார்கள். பார்த்தால், அடுப்படியில் தூளுப்பை வறுத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஒத்தடம் குடுத்தா ஒடம்பு சுடும்ல? ஜுரம்னு படுத்துக்கப் போறேன். யாராண்டயும் சொல்லிடாத பாப்பா."

"அய்யே மாமா! தூளுப்பு துணியில ஒழுகி மூஞ்செல்லாம் கொட்டும். ஒத்தடத்துக்குக் கல்லுப்புதான்!"

என் மேற்பார்வையில் கல்லுப்பு படபடவென்று வெடித்தது. அதைத் துணியில் முடிந்து நெற்றியிலும் கழுத்திலும் ஒற்றிக்கொண்டவர், பூசை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு பெரிய மாமாவின் வேன் வரும் சத்தம் கேட்டதும் முடிச்சோடு போர்வைக்குள் புகுந்தார்.

அம்மா வந்து நெற்றியைத் தொட்டாள். "இன்னாடா இது, நெருப்பாட்டம் கொதிக்குது!" போர்வையைச் சரிசெய்யப் போன கை, உள்ளே எதிலோ பட்டு நின்றது. என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வாசலில் பெரிய மாமா அவசரப்படுத்தினார். அம்மா வெளியே போய், "இன்னிக்கு வேணாண்ணா, ஜுரத்துல கெடக்கிறான். பொண்ணு வூட்டுல நான் பேசிக்கிறேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். வேன் கிளம்பிப் போனது. ஜெயித்துவிட்டோம்! எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏண்டா, அந்தப் பொண்ணு எந்த ஊரு?"

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "சங்கரன்கோவில் பக்கம்க்கா. கம்பெனில எங்க லைன்லதான் வேல பாக்குது."

பெண்ணுக்கு ஊர் வாலாஜாபாத் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இவரோ ஏதோ ஊரைச் சொல்லி உளறுகிறார். கல்லுப்பு நிஜமாகவே ஜுரத்தைக் கொண்டுவந்துவிட்டது என்று நினைத்து, ஓவென்று அழத் தொடங்கினேன்.