மொதத் தண்ணி

ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத ஊர் இல்லை. அதில் பாதியைச் சின்னண்ணன் பார்த்திருக்கிறார். போர் போட்டே தலை நரைத்த மனுஷன். பாறைதான் அவருக்குப் பூமி. மண் என்றால் அதன் மேலே கிடக்கிற குப்பை, அவ்வளவுதான். அந்த இளக்காரம் ராஜஸ்தானில் ஒரு மத்தியானத்தோடு தீர்ந்தது.

வண்டி நின்ற மேடு முழுக்க மாவு போன்ற மஞ்சள் மண். பாலைவனத்துக் காற்று கனத்த மணலை அங்கேயே போட்டுவிட்டு, நைசான தூளை மட்டும் தூக்கிவந்து, வேகம் அடங்கிய இடத்தில் காலங்காலமாகக் கொட்டிச் சேர்த்தது. ஓடை அறுத்த கரையோ சுவர் வைத்தாற்போல் செங்குத்தாக நின்றது.

"நம்மூட்டுச் சொவுரே இப்பிடி நிக்காது மாப்ள" என்று தட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை என்றால் மனைவி கண்ணாத்தாளின் தம்பி ஜெகதீஸ்வரன். தன் முறை வேலை முடிந்த அசதியில் அவன் வண்டி அடி நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான்.

போர்க்குழியிலிருந்து தண்ணீர் பீறிட்டது. தோட்டத்துச் சொந்தக்காரர் ஓடிவந்து, வாய்க்கால் வெட்டித் தூர விடு, மண் உட்கார்ந்துவிடும் என்று இந்தியில் கத்தினார். சின்னண்ணனுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் போரில் வருகிற முதல் தண்ணீரை மறிப்பதாவது! அது போகிற போக்கில் விட்டுக் கும்பிடுவதல்லவா வழக்கம்? "மொதத் தண்ணியத் தடுக்கப்படாதுங்க" என்று சொல்லிவிட்டுச் சூடத்தைப் பற்ற வைத்தார்.

தண்ணீர் சக்கரத்தடியில் தேங்கியது. தூளுக்கும் தூளுக்கும் நடுவே இருந்த இண்டு இடுக்கிலெல்லாம் அது இறங்கியதும், சுவராக நின்ற மண் கூழாகிவிட்டது. சத்தமே இல்லை. அத்தனை டன் வண்டி அப்படியே கீழே போகிறது!

"ஐயோ, மாப்ள!"

பாய்ந்து இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தார். வண்டியின் வயிறு மண்ணில் உட்கார்ந்தது. துண்டு அடியில் போனது. "என்னாச்சு மாமா?" என்று அவன் எழுந்தான்.

ஊர் திரும்பியபின், போன மாசம் சொந்தக் காட்டு நிலத்திலேயே போர் போட்டார்கள். நம்மூர்ச் செம்மண், அடியில் கல்லுப் பாறை. தண்ணீர் பொங்கியதும் எல்லோரும் கைகூப்ப, இவர் மட்டும் சேற்றில் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, சாமி கும்புடாம அங்க என்ன பண்றீங்க?" என்றாள் கண்ணாத்தாள்.

"இரு புள்ள, பாத்துட்டு வாரேன்."

பக்கத்தில் நின்ற ஜெகதீஸ்வரனின் கையை அவர் விடவே இல்லை.