படிக்காமல் எண்ணிய கட்டுரைகள்

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. எதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறோமோ அதைப் படிக்க வேண்டியதில்லை. கிண்டலுக்குச் சொல்லவில்லை. தாம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நான் நூலகர். பதவி உயர்வு வேண்டுமென்றால் ஆய்வுக் கட்டுரை காட்ட வேண்டும். எங்களில் பலர் செய்கிற காரியத்தையே நானும் செய்தேன். ஏதாவது ஒரு துறையை எடுத்துக்கொள்வது, அதில் உலகம் முழுக்க எத்தனை கட்டுரைகள் வந்திருக்கின்றன, எந்த ஆண்டில் அதிகம், எந்த நாட்டில் அதிகம், எந்தச் சொல் அடிக்கடி வருகிறது என்று எண்ணுவது, படம் போடுவது. தலைப்பும் ஆண்டும் குறிச்சொற்களும் கையில் இருந்தால் மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்க்க யாருக்கு நேரம்?

நான் எடுத்துக்கொண்டது அக்குபஞ்சர். தசைவலிக்கும் மூட்டுவலிக்கும் ஊசி குத்தும் சிகிச்சையில் ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் தலைப்பு. ஆண்டுக்கு ஆண்டு கோடு மேலே ஏறியது. அடிக்கடி வரும் சொற்கள் கலர் கலராக வட்டங்களாக வந்து விழுந்தன. முழங்கால் பெரிய வட்டம். இடுப்புவலி அதைவிடப் பெரிசு. கழுத்தும் தோளும் பக்கத்திலேயே. ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி, முடக்குவாதம். அதன் எழுத்து பக்கத்து எழுத்தின் மேல் ஏறிப் படம் அசிங்கமாகத் தெரிந்தது. அந்தப் புள்ளியை நீக்கினேன். படம் பளிச்சென்று ஆகிவிட்டது.

மூட்டுகளை வீங்கவைத்து அரிக்கிற அந்த முடக்குவாதம்தான் என் அக்காவுக்கு. நீக்கும்போது அவள் ஞாபகம் வந்ததா என்றால், சத்தியமாக வரவில்லை. எழுத்து மேல் எழுத்து ஏறுகிறதே என்ற எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

அக்கா பொழிச்சலூரில் இருக்கிறாள். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக எல்கேஜி டீச்சர். குழந்தையின் கையைத் தன் கைக்குள் வைத்து 'அ' போட வைப்பது அவள் வேலை. அந்தத் தெருக்களில் பாதிப் பேருடைய கையெழுத்து அவள் கை வழியாக வந்ததுதான். வியாதி என்று தெரிந்ததும் டாக்டர் வாரம் ஒருநாள் போட்டுக்கொள்ளும் மாத்திரை ஒன்று கொடுத்தார். சனிக்கிழமை போடுவாள். ஞாயிறு முழுக்கக் குமட்டல். சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போவாள். தலைமுடியும் கொட்டியது. "இந்த மாத்திரைக்கு அந்த வலியே தேவலாம்டா" என்று அழுவாள்.

சர்ச்சில் யாரோ சொல்லி, பல்லாவரத்தில் அக்குபஞ்சர் செய்யும் ஓர் அம்மாவிடம் போகத் தொடங்கினாள். அந்த அம்மாவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சுத்தமான அறை, ஒவ்வொருவருக்கும் புது ஊசி. முதல் நாளே அக்காவிடம், "டீச்சரம்மா, வலி கொஞ்சம் கொறையும். அதுக்காக டாக்டர் குட்த்த மாத்திரைய நிறுத்திடாதீங்க. அது வேற, இது வேற" என்று கறாராகச் சொல்லியிருக்கிறார். அக்காவே என்னிடம் சொன்னாள். ஊசி குத்துகிறவருக்கு இருந்த அறிவு எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அக்காவுக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"நீதான் இதைப் பத்தி ரிசர்ச் பண்றியே. ஊசி மட்டும் போதுமாடா? மாத்திரைய விட்டுடலாமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் மேதாவிக்கு அந்த வார்த்தை வாயில் வருமா? லேப்டாப்பைத் திறந்து கோட்டைக் காட்டினேன்.

"பாரு, எப்படி ஏறிட்டே போகுது. வேலை செய்யலன்னா இத்தனை நாட்டுல இத்தனை பேரு உக்காந்து எழுதுவானா?"

"அந்த அம்மா நிறுத்தாதேன்னு சொல்றாங்களே."

"அவங்க பயந்துக்கிட்டு சொல்றாங்க. உலகமே இந்தப் பக்கம்தான் போகுது."

அக்கா அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கண்ணில் தெரிந்த நிம்மதியை நான் என் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த பரிசாக எடுத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை அவள் மாத்திரை போடவில்லை.

முதல் இரண்டு மாதம் அவளைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. குமட்டல் இல்லை. பிரியாணி கேட்டுச் சாப்பிட்டாள். சர்ச்சில் கடைசிப் பாட்டுவரை நின்று பாடினாள். நான்தான் வழிகாட்டினேன் என்று என் மனைவியிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

மழைக்காலம் வந்தது. காலையில் விரல் மடக்க முடியவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்தான். செடி வாங்க வேண்டுமென்று என்னைக் கூட்டிப்போயிருந்தாள். ரோஜாத் தொட்டியை வாங்கிக் கையில் பிடித்தவள் இரண்டடி நடப்பதற்குள் போட்டுவிட்டாள். மண் சிதறியது. குனிந்து அள்ளும்போதுதான் அவள் கையைச் சரியாகப் பார்த்தேன். முட்டிகள் வீங்கிப் பளபளத்தன. நாலு விரலும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"என்னக்கா இது? எத்தனை நாளா இப்படி?"

"ஊசி போட்டா சரியாயிடும்னு பாத்தேன்டா. நீ சொன்னியே."

அள்ளிய மண்ணை அப்படியே போட்டுவிட்டேன்.

மறுநாளே பழைய டாக்டரிடம் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"மாத்திரை போடறீங்களா இல்லையா?"

"இல்ல டாக்டர்."

"எவ்ளோ நாளா?"

"எட்டு மாசம்."

"டீச்சர்தானே நீங்க? படிச்சவங்கதானே? யார் சொல்லி நிறுத்தினீங்க? அந்த ஊசி போடறவங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ஐயோ, அவங்க நிறுத்தாதேன்னுதான் சொன்னாங்க. நானாத்தான் நிறுத்திட்டேன் டாக்டர்" என்றாள்.

டாக்டர் திட்டினார். எலும்பு அரித்துவிட்டது, மருந்து இனிமேல் மேலே கெடாமல் பார்த்துக்கொள்ளும், போனது போனதுதான், நடுவில் நிறுத்தாமல் போட்டிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று அடுக்கிக்கொண்டே போனார். அக்கா தப்புச் செய்த பிள்ளை மாதிரி தலையாட்டினாள். நான் அவள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் இருந்தேன். நான்தான் சொன்னேன் டாக்டர் என்று வாயைத் திறக்கவில்லை. நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, கல்லூரியில் உத்தியோகம், கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். த்தூ!

அடுத்த வாரம்தான் அந்தக் கட்டுரைகளை முதல்முறையாகத் திறந்து படித்தேன். நூலகத்தை மூடும்வரை அதே வேலை. பலன் உண்டு என்று எழுதியவர்கள் இருந்தார்கள், ஒன்றும் தேறவில்லை என்று எழுதியவர்களும் இருந்தார்கள். நிஜ ஊசியையும் பொய் ஊசியையும் வைத்துப் பார்த்துவிட்டு வித்தியாசம் கொஞ்சம்தான் என்று ஒப்புக்கொண்டவர்களும் உண்டு. முழங்கால் தேய்மானத்துக்கும் இடுப்புவலிக்கும் சொன்னதை மற்ற வியாதிகளுக்கு நீட்டாதே என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அந்தச் சின்னப் புள்ளிக்குள்ளே இருந்த கட்டுரைகளையும் தேடிப் படித்தேன். நான் பார்த்தவற்றில் நோயாளிகள் தங்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் ஊசிக்கு வந்திருந்தார்கள். எல்லாம் அங்கேயே இருந்தது. ஒரு மத்தியானம் படித்திருந்தால் போதும். பலன் இல்லை என்று சொன்ன கட்டுரையையும் நான் அந்தக் கோட்டை மேலே ஏற்றத்தான் எண்ணியிருக்கிறேன்.

நடுவில் என் கட்டுரை அச்சில் வந்துவிட்டது. கல்லூரியில் பொன்னாடை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவே கூடாது என்றிருந்தேன், என் மனைவி சொல்லிவிட்டாள். அக்கா ஒரு பிரதி கேட்டு வாங்கிப்போய் ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் காட்டினாளாம். "என் தம்பி எழுதினது" என்று.

போன மார்ச்சில் போன் செய்து, "பேப்பர் பேனா எடுத்துக்கிட்டு வாடா, ஒரு லெட்டர் எழுதணும்" என்றாள். போனேன். ராஜினாமாக் கடிதம். ஓய்வுக்கு இன்னும் எட்டு வருஷம் இருந்தது. ஒரு குழந்தையின் அம்மா வந்து, மிஸ் கை பிடித்தால் பிள்ளைக்குப் பயமாக இருக்கிறதாம் என்று தலைமையாசிரியையிடம் சொல்லியிருக்கிறார். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளே போகிறாள்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மதிப்பிற்குரிய, பணிவுடன், இருபது ஆண்டுகளாக. பேனாவைக் கீழே வைத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, அந்தக் கட்டுரைங்கள்ல ஒண்ணக்கூட நான் படிக்கலக்கா. படிக்காமதான் உனக்குச் சொன்னேன். டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கணும். நான்தான்..."

"தெரியும்டா" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"டாக்டர் திட்டினப்போ உன் முகத்தைப் பாக்கலன்னு நெனச்சியா? எக்ஸ்ரே மாதிரி எல்லாம் அதுல தெரிஞ்சுது. விடு. எழுது."

"என்ன காரணம்னு போடறது?"

அக்கா சிரித்தாள். "உன் பேரையா போட முடியும்? உடம்பு முடியலன்னு போடு."

போட்டேன். கையெழுத்துக்கு இடம் விட்டுக் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினேன். பேனாவை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். நிற்கவில்லை. மறுபடி பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்சம் கையைப் புடிச்சுக்கோடா" என்றாள்.

பிடித்துக்கொண்டேன். அவள் பெயரின் முதல் எழுத்து 'அ'.